ஷேட் புத்தகம், சாம்பிள் டப்பா, டிண்டிங் மெஷின்: சுவருக்கு நிறம் தேர எது உதவுகிறது?

பெயிண்ட் கடைக்குப் போனால் நிறம் தேர்ந்தெடுக்க நான்கு சாதனங்கள் கைக்கு வரும். கல்லாவில் இலவசமாகக் கொடுக்கும் மடிப்பு அட்டை ஒன்று. விசிறியாக விரியும் ஷேட் புத்தகம் இன்னொன்று. சுவரைப் படமெடுத்தால் நிறம் மாற்றிக் காட்டும் மொபைல் ஆப் மூன்றாவது. வாய்விட்டுக் கேட்டால் மட்டும் எடுத்துத் தரும் சாம்பிள் டப்பா நான்காவது. இவற்றோடு, தேர்ந்த நிறத்தைக் கலந்து தரும் டிண்டிங் மெஷினையும் சேர்த்து இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செலவழிக்கும் பணத்துக்கு மிக அதிகப் பலன் தருவது சாம்பிள் டப்பா. அடுத்தது ஷேட் புத்தகம். ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும், தெரியாதவரை இன்னும் குழப்பும். ஆப், எந்தச் சுவருக்கு அழுத்தமான நிறம் என்று முடிவு செய்யும் அளவுக்கு உதவும். மடிப்பு அட்டையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. டிண்டிங் மெஷின் நல்ல சேவைதான், ஆனால் அதன் பக்கத்தில் நின்று நாலு விஷயம் சரிபார்க்க வேண்டும்.

ஷேட் புத்தகத்தை எப்படி வாசிப்பது

நூற்றுக்கணக்கான பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆறேழு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். பெயரை அப்படியே மறந்துவிடுங்கள். "மார்னிங் மிஸ்ட்" என்று எழுதியிருப்பதால் அந்த நிறம் உங்கள் அறையில் குளுமையாக இருந்துவிடாது. நிறத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றே மூன்று: அது எந்த நிறக் குடும்பம், எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு அடர்த்தியானது. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் நிறங்களை இந்த மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய பெயிண்ட் கம்பெனிகளின் நிற வரிசைகளுக்கு அடியில் இருப்பதும் இதே எண்ணம்தான்.

இந்த விஷயத்தில் டூலக்ஸ் புத்தகங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் குறியீட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், ஏனென்றால் எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 30ஒய்ஒய் 56/060 என்று ஒரு கட்டத்தில் இருந்தால், முதல் பகுதி நிறக் குடும்பம். ஒய்ஒய் என்றால் மஞ்சள் வட்டாரம். அதற்குள் 00 என்பது ஆரஞ்சுப் பக்கம், 99 என்பது பச்சைப் பக்கம். 30 என்றால் ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த மஞ்சள். நடுவில் உள்ள 56, வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைச் சுவர் திருப்பி அனுப்பும் என்பதைக் காட்டுகிறது. கடைசி 060, நிறத்தின் அடர்த்தி. 000 என்றால் துளியும் சாயம் இல்லாத சாம்பல். 500-ஐத் தாண்டினால் கண்ணைப் பறிக்கும். பெயரைப் பார்க்காமலே இது மணல் மாதிரியான, அடக்கமான, நடுத்தர வெளிச்ச நிறம் என்று படித்துவிடலாம்.

மற்றப் புத்தகங்கள் பலவற்றில் இருப்பது வெறும் வரிசை எண். அதிலிருந்து எதுவும் தெரியாது. நிறம் தெரிவு செய்பவருக்கு மிகவும் தேவைப்படும் அந்த நடு எண், அதாவது எல்.ஆர்.வி. எனப்படும் ஒளி திருப்பும் அளவு, கட்டத்துக்குக் கீழேயே அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத புத்தகத்தை எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் குறையுள்ளதாகவே கருதுகிறோம். எண் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. கட்டத்தை வெள்ளை ஏ4 தாளின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக வைத்து எடுத்தால் எது வெளிச்சம், எது இருட்டு என்று உடனே புலப்படும். கண் நிறத்தில் மயங்கும்போது மறைந்துபோகும் வித்தியாசம் இது.

நடைமுறைக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளலாம். சீலிங்குக்கு 80-க்கு மேல். ஒரே ஜன்னல் உள்ள படுக்கையறைக்கு 60 முதல் 75 வரை. இரண்டு பக்கம் வெளிச்சம் வரும் ஹாலில் 50 வரை இறங்கலாம். ஜன்னலே இல்லாத நடைவழிக்கு 70-க்குக் குறையாமல் வையுங்கள். 30 உள்ள நிறத்தை நான்கு சுவருக்கும் அடித்தால், விழுகிற வெளிச்சத்தில் 70 சதவீதத்தைச் சுவரே விழுங்கிவிடும். பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும். "பெயிண்ட் அடிச்சதும் ரூம் சின்னதாயிடுச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நிறக் குடும்பத்தில் தவறுவதில்லை, இந்த எண்ணில்தான் தவறியிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விரல் அகலக் கட்டத்தில் பார்க்கிற நிறம், சுவர் முழுக்க வந்ததும் கட்டத்தில் இருந்ததைவிட அழுத்தமாகத் தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை ஒன்றின் மேல் வீசுவதே இதற்குக் காரணம். மஞ்சள் சுவரில் பட்டுத் தெறிக்கும் மஞ்சள் ஒளி எதிரில் உள்ள மஞ்சள் சுவரில் போய் விழுந்தால் மஞ்சள் இன்னும் ஏறும். அதனால் கட்டத்தில் மிகவும் பிடித்துப்போன நிறத்தைவிட அடர்த்தி குறைந்த, சற்றே சாம்பல் கலந்த ஒன்றை எடுப்பது நல்லது. கட்டத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிற நிறம் சுவரில் சரியாக அமையும்.

வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் சாயல்

புத்தகத்தின் மிகக் கடினமான பக்கங்கள், கடைசியில் வரும் வெள்ளைகளும் கிரீம்களும் சாம்பல்களும். அதிகம் பேர் வாங்குவதும் இவற்றைத்தான், அதிகம் பேர் ஏமாறுவதும் இவற்றில்தான்.

வெள்ளை என்று அழைக்கப்படும் ஒவ்வொன்றிலும் ஒரு துளி நிறம் கலந்திருக்கும். மஞ்சள், ரோஸ், பச்சை, நீலம் எதுவாகவும் இருக்கலாம். கட்டத்தைத் தனியாகப் பார்த்தால் அது தெரியாது. கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, அதே பட்டையின் அடர்ந்த முனையைப் பாருங்கள். அங்கே பாசிப் பச்சை இருந்தால், மேலே உள்ள வெள்ளையிலும் பச்சைச் சாயல் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் வெள்ளைகளைப் பட்டையில் சேர்ப்பதில்லை; தனிப் பக்கமாகக் கொடுத்திருந்தால் இரண்டாவது வழி: ஐந்தாறு வெள்ளைக் கட்டங்களை ஏ4 தாளின் மேல் பக்கம் பக்கமாக அடுக்குங்கள். தனியாக இருந்தபோது வெள்ளையாகத் தெரிந்தது, வரிசையில் வைத்ததும் ரோஸ் என்றோ பச்சை என்றோ காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சாயல் முக்கியமாவது தரையால்தான். தமிழ்நாட்டின் புதிய வீடுகள் பலவற்றில் பார்ப்பது ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ். அது மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளை. அதன் மேல் நீலச் சாயல் உள்ள "பளிச்" வெள்ளைச் சுவரை வைத்தால், சுவர் நன்றாகவே இருக்கும். ஆனால் டைல்ஸ் பழுத்த அழுக்குத் தரையாகத் தெரியும். எவ்வளவு துடைத்தாலும் போகாத அழுக்கு. டைல்ஸை மாற்ற முடியாது, சுவரைத்தான் மாற்ற வேண்டும். ஐவரி தரைக்குச் சுவரும் மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளையாகவோ கிரீமாகவோ இருந்தால்தான் இரண்டும் சண்டையில்லாமல் நிற்கும். சாம்பல் நிற டைல்ஸ் என்றால் கணக்கு மாறும்: நீலச் சாயல் வெள்ளை அங்கே பொருந்தும், கிரீம்தான் பழுத்துப்போனது மாதிரி இருக்கும்.

ரெட் ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் இன்னொரு விளைவு. மெருகேறிய சிவப்புத் தரை, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிச் சுவரின் கீழ்ப் பாதியில் எறியும். வெள்ளைச் சுவரின் இடுப்பளவுக்குக் கீழே ரோஸாகவும் மேலே வெள்ளையாகவும் தெரிவது இதனால். ரோஸ் சாயல் உள்ள வெள்ளையை அங்கே அடித்தால் அது இரட்டிப்பாகும். துளி பச்சைச் சாயல் உள்ள வெள்ளை, அந்தச் சிவப்பைத் தணித்துச் சுவரைச் சமமாகக் காட்டும்.

வெளிச்சம்: இரவல் விதிகள் இங்கே செல்லாது

வட ஜன்னல் அறை குளிர்ந்த (நீலம் சாய்ந்த) வெளிச்சம், அதற்குச் சூடான (மஞ்சள், சிவப்பு சாய்ந்த) நிறம், தென் ஜன்னல் அறைக்குக் குளிர்ந்த நிறம் என்று பல புத்தகங்களிலும் காணொளிகளிலும் சொல்வார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து மேற்குக்குச் சற்று வடக்கே மறையும். அதாவது கோடையில் வட ஜன்னலில் காலையும் மாலையும் நேர் வெயில் சாய்வாக விழும். தென் ஜன்னலுக்கு வெயில் ஏறுவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. எனவே திசைக்கு ஒரு நிறம் என்ற சூத்திரத்தை விட்டுவிட்டு, அறையில் எந்த நேரத்தில் அதிகம் புழங்குவீர்கள் என்று பாருங்கள். திசையில் உறுதியாகச் சொல்லத்தக்கது மேற்கு ஒன்றுதான். மாலை நாலு மணிக்குமேல் ஆரஞ்சு வெளிச்சம் உள்ளே வரும், பீச், மாம்பழ மஞ்சள் போன்றவை அப்போது எரிகிற மாதிரி ஆகிவிடும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் கணக்கு. ஐந்தடி சந்து விட்டு எதிர்வீட்டுச் சுவர் கிளிப்பச்சையில் இருந்தால், உங்கள் அறைக்குள் வருவது வானத்து வெளிச்சம் அல்ல, அந்தச் சுவரில் பட்ட பச்சை வெளிச்சம். அடர்ந்த வேப்பமரமும் அப்படியே. அங்கே பச்சைச் சாயல் வெள்ளை அடித்தால் அறை நோயாளி அறை மாதிரி வெளிறிவிடும். ரோஸ் அல்லது மஞ்சள் சாயல் வெள்ளை அதைச் சமன் செய்யும்.

இரவுக்கு விளக்கு. கடைகளில் அதிகம் விற்பது 6500 கெல்வின் எல்இடி பேட்டன், டியூப் வகைகள். இந்த நீல வெள்ளை ஒளியில் சந்தன நிறம் உயிர் இழந்து, மெலிதாகப் பச்சை தட்டும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் இதே சந்தனம் அழகாக இருக்கும், ஆனால் நீலச் சாம்பல் நிறங்கள் கலங்கிய தண்ணீர் போலாகும். இரண்டுக்கும் நடுவில் 4000 கெல்வின் கிடைக்கிறது. வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது அதுதான். பெட்டியின் மேல் சிஆர்ஐ (விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்ற அளவு) 80 என்று இருப்பதைவிட 90 என்று இருப்பதை வாங்குங்கள். 80-இல் சிவப்பு வகைகள், தேக்கு மரத்தின் நிறம், மனிதத் தோல் எல்லாமே சற்று சோர்ந்து தெரியும். பெயிண்ட் தேர்வதற்கு முன் விளக்கை முடிவு செய்வதே சரியான வரிசை.

சாம்பிள் டப்பா

பல கம்பெனிகள் 200 மி.லி. அளவில் கொடுக்கின்றன. அது இல்லாத ரகத்தில் ஒரு லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். 200 மி.லி. இரண்டு கோட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு சதுர அடி வரும். ஒரு நிறத்தைச் சோதிக்க இது தாராளம். ஒரு ஹாலுக்கே ஆறேழு லிட்டர் வாங்கப் போகிறோம், ஆள் கூலி தனி. இந்த நிலையில் சாம்பிளுக்குச் செலவழிக்கத் தயங்குவது தவறான சிக்கனம்.

பழைய சுவரின் மேல் நேராக ஒரு சதுரம் பூசிப் பார்ப்பது பெயிண்டர்களின் வழக்கம். அது ஏமாற்றும். பிரான்ஸின் கோப்லான் தறிக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோலிடம், கறுப்புச் சாயம் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்தபோது சாயத்தில் குறை இல்லை; பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-இல் அவர் இதை விரிவாக விளக்கி வெளியிட்டார். பழைய மஞ்சள் சுவரின் நடுவில் பூசிய சாம்பல் சதுரம் நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால். மஞ்சள் மொத்தமும் மறைந்த பிறகு அந்த நீலம் காணாமல் போய்விடும்.

எனவே பலகையில் பூசுங்கள். ஃபிளெக்ஸ் அச்சுக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை சன்போர்டு, இரண்டடிக்கு மூன்றடி, இரண்டு துண்டு போதும். சார்ட் பேப்பர் ஈரத்தில் சுருண்டுவிடும். முதலில் ஒரு கோட் ப்ரைமர், காய்ந்ததும் சிறிய ரோலரால் இரண்டு கோட், கோட்டுக்கும் கோட்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்ததும் பொதுவாக ஒரு படி கறுக்கும். மறுநாள் ஒரு பலகையை ஜன்னல் உள்ள சுவரிலும் இன்னொன்றை அதற்கு எதிர்ச் சுவரிலும் சாத்துங்கள். கீழ் விளிம்பு டைல்ஸைத் தொட வேண்டும், பக்கவாட்டு விளிம்பு கதவு நிலையைத் தொட வேண்டும். காலை எட்டு மணி, மதியம், மாலை ஐந்து, இரவு விளக்கொளி என நாலு வேளை பாருங்கள். நாலு வேளையும் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் அந்த அறையில் இருக்கும் வேளையில் பிடித்திருக்க வேண்டும்.

சாம்பிளை எந்த ரகத்தில் வாங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பளபளப்பில்லாத மேட் ரகத்தில் சோதித்துவிட்டுச் சுவருக்கு ஷீன் (மெல்லிய பளபளப்பு) உள்ள ரகத்தை அடித்தால், அதே எண் அழுத்தமாகத் தெரியும். பளபளப்பு கூடக்கூட நிறம் ஆழமாகும், பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமும் வெளியே வரும்.

எதோடு எது சேரும்

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தைப் படித்ததும் எதிரெதிர் நிறங்களைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் வீட்டில் மாற்ற முடியாதவற்றின் பட்டியலைப் போடுங்கள்: தரை, கதவு, சமையலறை கிரானைட், கிரில், இருக்கிற சோஃபா. இவையும் நிறங்கள்தான். தேக்குக் கதவு என்றால் சக்கரத்தில் அது மங்கலான ஆரஞ்சு. கிரீம், பீச் சுவர்கள் அதற்குப் பக்கத்து நிறங்கள். அமைதியாக இருக்கும், ஆனால் கதவு சுவரோடு கரைந்துபோகும். சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிரே இருப்பது நீலம். அடர்த்தி குறைந்த நீலச் சாம்பல் சுவர் தேக்கை எடுத்துக் காட்டும். நல்ல மரத்துக்குச் செலவு செய்தவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். ஆனால் அடர்த்தியான நீலம் கூடாது. எதிரெதிர் நிறங்கள் இரண்டும் முழு வீச்சில் இருந்தால் கண் எங்கும் தங்காது. ஒன்று சத்தமாக இருந்தால் மற்றது அடங்கியிருக்க வேண்டும்.

60, 30, 10 என்ற பங்கீட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: சுவர் 60, சோஃபா, திரை, அலமாரி 30, குஷன், படம், விரிப்பு 10. காஞ்சிபுரம் பட்டுப் புடவை உடுத்திப் பழகியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மயில்கழுத்து உடல், அரக்கு பார்டர், கோடாக ஓடும் ஜரிகை. எதிர் நிறங்கள் இரண்டு சேர்ந்தும் அது இடிக்காமல் இருப்பது அளவால்தான். பார்டரும் உடலும் சரிபாதியாக இருந்தால் அந்த அழகு வராது. அறையில் நிகழும் தவறும் அதுவே: இரண்டு சுவர் ஒரு நிறம், இரண்டு சுவர் எதிர் நிறம் என்று சரிபாதியாகப் பிரிப்பது. ஷேட் புத்தகங்களின் "காம்பினேஷன்" பக்கங்கள் இதில் உதவுவதில்லை. மூன்று கட்டத்தையும் ஒரே அளவில் அச்சிடுகிறார்கள், எது எவ்வளவு என்று சொல்வதில்லை. புத்தகத்தில் எங்களுக்கு மிகவும் அதிருப்தி தருவது இந்தப் பக்கங்கள்தான்.

ஒரே ஒரு சுவருக்கு அழுத்தமான நிறம் கொடுப்பதாக இருந்தால் ஜன்னல் உள்ள சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜன்னலின் பிரகாசத்துக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் எப்போதும் நிழலாகவே தெரியும், அடர்ந்த நிறம் கறுப்பாகிவிடும். வெளிச்சம் நேராக விழும் எதிர்ச் சுவர் சரி.

டிண்டிங் மெஷின் சேவை

கடைக்காரர் ஒரு பேஸ் டப்பாவைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைப்பார். கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் கலரண்ட், அதாவது நிறம் தரும் குழம்பு, இறங்கும். மூடி, ஷேக்கரில் இரண்டு மூன்று நிமிடம் குலுக்கித் தருவார். கடைக்குக் கடை இதன் தரம் வேறுபடும்.

பேஸ்தான் முதல் விஷயம். வெளிர் நிறங்களுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்த வெள்ளை பேஸ், அடர்ந்தவற்றுக்கு அது மிகக் குறைந்த கிளியர் பேஸ். சுவரை மூடி மறைப்பது அந்த வெள்ளைத் தூள். அதனால் கிளியர் பேஸில் செய்த சிவப்பும் பளிச் மஞ்சளும் இரண்டு கோட்டில் மூடாது. மூன்று, நான்கு போகும். லிட்டர் விலையும் கலரண்ட் அளவுக்கேற்ப ஏறும். அடர் சிவப்புக்கு அடியில் ஒரு கோட் நடுத்தரச் சாம்பல் அடித்தால் மூடுவது எளிதாகும். எஸ்டிமேட் கொடுப்பவர் இதைச் சொல்லாமல் "டூ கோட்" என்று எழுதியிருந்தால் கேளுங்கள்.

அடுத்தது நாசில், அதாவது கலரண்ட் சொட்டும் குழாய் முனை. மெஷின் கொஞ்ச நேரம் ஓடாமல் இருந்தால் நாசில் முனையில் கலரண்ட் காய்ந்து, அடுத்த டப்பாவில் குறைவாக இறங்கும். காலையில் முதல் டப்பா உங்களுடையதாக இருந்தால் நாசிலைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. குலுக்கி முடித்ததும் மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு சொட்டை வெள்ளை அட்டையில் தடவிக் காய வைத்து, புத்தகக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். கடையின் ட்யூப் லைட்டுக்கு அடியில் வேண்டாம், வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

அளவைக் கணக்கிட்டு ஒரே தடவையில் வாங்குங்கள். 10 அடிக்கு 14 அடி அறை, 10 அடி உயரம்: சுற்றளவு 48, சுவர்ப் பரப்பு 480 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, நாலடிச் சதுர ஜன்னல் இரண்டுக்கு 32 கழித்தால் 427. பட்டி, ப்ரைமர் முடிந்த வழுவழுப்பான சுவரில் லிட்டருக்கு இரண்டு கோட்டுக்கு 70 சதுர அடி வைத்தால் ஆறு லிட்டருக்குச் சற்று அதிகம். ஏழு லிட்டர் வாங்கலாம். ஒரு நாலு லிட்டரும் மூன்று ஒரு லிட்டரும் என்றால் நாலு டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே சுவரில் தொட வேண்டும். ஒரே எண், ஒரே மெஷின் என்றாலும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரும். அது சுவரின் நடுவில் ஒரு கோடாக நிற்கும். இதைச் செய்யாத பெயிண்டர்கள் பலர், வலியுறுத்திச் செய்ய வையுங்கள்.

ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் பேஸில் "மேட்ச்" செய்து தருவதும் வழக்கம். விலைக்காகச் செய்யலாம், ஆனால் வேறு கலரண்ட்களால் கட்டிய நிறம் பகலில் ஒத்துப்போய், இரவு எல்இடியில் பிரிந்துவிடக்கூடும். புது அறைக்கு இது பொருட்டல்ல. ஏற்கெனவே அடித்த சுவரின் பாதியை முடிக்க இப்படி வாங்கக் கூடாது.

வெளிச்சுவருக்குக் கலக்கும்போது மட்டும் கவனிக்க ஒன்று. காவி, செங்கல், சந்தனம் வகைகள் இரும்பு ஆக்சைடால் ஆனவை, வெயிலைத் தாங்கும். பளிச் மஞ்சள், ஆரஞ்சு, மெஜந்தா வகைகளில் பல, கரிமச் சாயங்களால் ஆனவை. தென்மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். புது சிமெண்ட் பூச்சு 28 நாளாவது ஆறட்டும். காரம் தணியாத சுவரில் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனால் அது மெஷினின் குற்றம் அல்ல.

ஆப், மடிப்பு அட்டை

ஃபோன் திரை ஒளியை உமிழ்வது, சுவர் ஒளியைத் திருப்புவது. திரையின் பிரைட்னஸ், கேமராவின் ஒயிட் பேலன்ஸ், இரவில் தானாக மஞ்சளாகும் திரை அமைப்பு எல்லாம் நடுவில் நுழைகின்றன. எனவே ஆப்பில் "இந்த நிறம்" என்று முடிவு செய்ய முடியாது, "இந்தச் சுவர் அடர்ந்தது, மற்றவை வெளிர்" என்று முடிவு செய்யலாம். மடிப்பு அட்டையின் ஓரத்தில் அச்சு நிறம் மாறலாம் என்று கம்பெனியே எழுதியிருக்கும். அதை நம்புங்கள்.

யார் எதை வாங்கலாம்

ஒரு வீடு மட்டும் அடிப்பவர் ஷேட் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. தெரிந்த டீலர் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுப்பார். அந்த ஒரு நாளில் டைல்ஸ் மேல் வைத்து ஐந்து நிறமாகக் குறைத்து, அதில் இரண்டுக்குச் சாம்பிள் வாங்குங்கள். வாடகைக்கு விடும் வீடுகள் பல வைத்திருப்பவர், உள்ளலங்காரம் செய்பவர், ஒப்பந்த பெயிண்டர் ஆகியோர் வாங்கி வைக்கலாம். நிழலில் வையுங்கள். வண்டி டேஷ்போர்டில் வெயில் பட்டுக் கிடந்த புத்தகத்தின் ஓரங்கள் வெளுத்திருக்கும், அதை வைத்து நிறம் சொல்லக் கூடாது. புதுப் பதிப்பு வந்தால் பழையதை மாற்றிவிடுங்கள், சில எண்கள் கைவிடப்பட்டிருக்கும்.

வேலை முடிந்ததும் டப்பா மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படமெடுத்து வையுங்கள். நிற எண், ரகம், பேஸ், எந்தக் கலரண்ட் எத்தனை மி.லி. என்ற ஃபார்முலா எல்லாம் அதில் இருக்கும். மிச்சமான பெயிண்டில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் மூடி வைத்தால், ஆணி அடித்த ஓட்டை, சுவிட்ச் போர்டைச் சுற்றிய கறை ஆகியவற்றை ஒட்டுப்போடலாம். அதைப் பிரஷ்ஷால் தொடாதீர்கள். முதலில் எந்த ரோலரால் அடித்தார்களோ அதே வகைச் சிறு ரோலரால் தொட்டால்தான் ஒட்டு தனியாகத் தெரியாது.